துருக்கியில் செய்த துவக்கு

என் கணவர் கைத்துப்பாக்கி லைசென்ஸுக்கு விண்ணப்பித்தபோது அந்தப் படிவத்தில் நானும் ஒரு கையெழுத்து வைத்தேன். மணமானவர் துவக்கு வாங்க வெளிக்கிட்டால் அது மனைவிக்கும் தெரியும் என்று காட்டுவதற்கு அதில் ஒரு கட்டம் இருக்கிறது. கனடாவில், ஸ்காபரோ வீட்டுச் சமையலறையில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு நின்றேன். கையைச் சீலையில் துடைத்துவிட்டு நின்றபடியே எழுதிக் கொடுத்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கவில்லை.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவருக்கு வேறு பொழுதுபோக்கே கிடையாது. குடிக்கமாட்டார், சீட்டு விளையாடமாட்டார், ஊர்ச் சங்கக் கூட்டங்களுக்கும் போகமாட்டார். இருபத்திரண்டு வருடம் ஒரே மெஷின் ஷொப்பில் நின்று கார்க் கொம்பனிகளுக்கு இரும்புச் சாமான் கடைந்தவர். அங்கே பக்கத்து மெஷினில் வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர், பக்கத்து ஊரான ஒஷாவாக்காரர், ஒரு சனிக்கிழமை இவரைத் தான் போகும் சுடும் பயிற்சிக் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பின்னேரம் வீட்டுக்கு வந்தவர் சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் நின்று, தான் சுட்ட கடதாசியை எனக்கு விரித்துக் காட்டினார். ஓட்டைகள் நடுவில் ஒன்றாகக் குவிந்திருந்தன. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்துக் கனகாலம். அந்தச் சிரிப்புக்குத்தான் கையெழுத்துப் போட்டேன் என்று நினைக்கிறேன்.

கடை வடக்கே ஒரு மணித்தியால ஓட்டத்தில் இருந்தது. நானும் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ஜேர்மன் சாமானும் ஒஸ்ரியச் சாமானும் நடுவில், வெளிச்சத்துக்குக் கீழே இருந்தன. துருக்கியில் செய்தது ஒன்று ஓரத்தில் கிடந்தது. விலை மற்றவற்றில் பாதிகூட இல்லை. கடைக்காரர் அதை எடுத்துக் காட்டவே யோசித்தார். இவர் அதைத்தான் கேட்டார். கையில் வாங்கி, மேல்மூடியைப் பின்னால் இழுத்து, காதுக்குக் கிட்டப் பிடித்து மெதுவாக முன்னால் விட்டார். பிறகு திரும்பவும் ஒருமுறை அப்படிச் செய்தார். மெஷின் வேலைக்காரர்கள் ஒரு சாமானைக் காதாலும் பார்ப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்து அதை முழுதாகக் கழற்றினார். வேலையில் பாவிக்கும் மைக்ரோமீற்றரைக் கொண்டுவந்து ஒவ்வொரு துண்டாக அளந்தார். அதை வாங்கப்போகிறேன் என்றபோதே கழகத்தில் மற்றவர்கள் பகிடி பண்ணியிருந்தார்கள். சுடும்போது விரல் போனால் துருக்கிக்காரன் வேறு விரல் அனுப்புவானா என்று ஒருவர் கேட்டாராம். அந்தக் கோபம் இவருக்கு இருந்திருக்கவேண்டும். எனக்கு ஒன்றும் விளங்காது என்று தெரிந்தும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இஞ்ச பாரும். வெளியில தெரியாத இடத்தில கட்டர் ஓடின கோட்டை அப்பிடியே விட்டிருக்கிறாங்கள். மினுக்கேல்லை. அதாலதான் விலை குறைவு. ஆனா பொருந்தவேண்டிய இடம் மயிரிழை பிசகாமப் பொருந்துது. அங்க ஆரோ ஒருத்தன் மனம் வைச்சு வேலை செய்திருக்கிறான்."

அவர் சொன்னது பிழைக்கவில்லை. முதல் மாதத்தில் முன்பக்கக் குறிமுள் கொஞ்சம் இளகியது. தானே ஒரு சின்ன ஆணி செய்து இறுக்கினார். அதற்குப் பிறகு அந்தத் துவக்கு அவரை ஏமாற்றவேயில்லை. கழகத்தில் இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கியவர்களின் துவக்குகள் நடுவில் சிக்கி நிற்கும்போது இவருடையது ஓடிக்கொண்டிருந்ததாம். அதை எனக்குச் சொல்லும்போது, தன் பிள்ளை வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்ததைச் சொல்கிறவர் போலச் சொல்வார்.

ஏன் இந்த ஆசை என்று ஒருநாள் கேட்டேன். எங்கள் இருவருக்கும் துவக்கு புதிதல்ல. ஊரில் அது எப்போதும் மற்றவர்களின் கையில் இருந்த சாமான். இருபது வயதில் யாழ்ப்பாணத்தில் ஆமி மறித்துச் சோதிக்கும் ஒரு சென்றியில் இவரை முழங்காலில் இருத்தி, ஒரு அதிகாரி இவருடைய கழுத்தில் பிஸ்டலை வைத்துக்கொண்டு அரைமணித்தியாலம் நின்றிருக்கிறான். அதுவரை எனக்குச் சொல்லாத கதை அது. கலியாணம் கட்டி இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சொன்னார்.

"அதுவும் மலிஞ்ச சாமான்தான். சீனாவில செய்தது. பக்கத்தில இருந்த ஜீப் கண்ணாடியில தெரிஞ்சுது, ஓரமெல்லாம் அரத்தால ராவாம விட்டிருந்தது. இது வெடிக்குமோ வெடியாதோ எண்டுதான் யோசிச்சுக்கொண்டிருந்தனான்." பிறகு, "ஒருக்காலெண்டாலும் கைபிடிப் பக்கம் நிண்டு பாக்கவேணும் போல இருந்தது," என்றார்.

வாங்கி ஒரு வருடம் போக, அரசாங்கம் கைத்துப்பாக்கி விற்பனையை நிறுத்தப்போகிறது என்று செய்தி வந்தது. ஏற்கெனவே வாங்கினவர்கள் வைத்திருக்கலாம், ஆனால் ஆளுக்கு ஆள் விற்கவோ கொடுக்கவோ முடியாது. சட்டம் வருவதற்கு முந்திய கிழமைகளில் கடைகளில் சனம் நெரிந்தது. எதையும் கேட்ட விலைக்கு வாங்கினார்கள். பகிடி பண்ணிய கழகத்துக்காரரில் ஒருவரே இவரிடம் வந்து, வாங்கிய விலையைப்போல இரண்டு மடங்கு தருகிறேன், தா என்று கேட்டாராம். இவர் மாட்டேன் என்றுவிட்டார். சட்டம் வந்தது. அன்றிலிருந்து அந்தத் துவக்குக்கு விலை என்று ஒன்று இல்லாமல் போனது. அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. விற்கிறவன்தான் விலையைப் பார்க்கவேண்டும், எனக்கு என்ன என்றார்.

ஒஷாவாக்காரர் ஓய்வு எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வருடம் மெஷின் ஷொப் மூடப்பட்டது. முதலில் ஓடர் குறைகிறது என்றார்கள், பிறகு எல்லைக்கு அந்தப்பக்கம் வரி கூடிவிட்டது என்றார்கள், பிறகு ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரையும் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்கள். என் கணவருக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. தன் உபகரணப் பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து, அதைப் பேஸ்மென்றில் வைத்துவிட்டு, குளித்துவிட்டு வந்து சாப்பிட்டார். அன்றைக்கு அவர் ஒன்றும் வித்தியாசமாக இருக்கவில்லை.

வேலைக்கு எழுதிப் போட்டார். இரண்டு மூன்று இடத்தில் கூப்பிட்டார்கள். ஓரிடத்தில் எங்கள் மகள் வயதுப் பிள்ளை ஒன்று கேள்வி கேட்டு, உங்களுக்கு அனுபவம் கூடிப்போச்சு என்று சொல்லி அனுப்பியது. அதற்குப் பிறகு எழுதிப் போடுவது குறைந்தது. கழகத்துக்குச் சந்தா கட்டவில்லை. கழகத்தில் இல்லாதவர் துவக்கை வீட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. ஆகவே அது பேஸ்மென்றில், சுவரோடு பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் கிடந்தது. அவரும் பேஸ்மென்றில்தான் இருந்தார். ரீவீ ஓடும், சத்தம் இருக்காது. நான் வேலையால் வந்து கீழே எட்டிப் பார்த்தால் காலையில் வைத்துவிட்டுப் போன சாப்பாட்டுக் கோப்பை மூடியபடி இருக்கும். என்னப்பா சாப்பிடேல்லையோ என்று கேட்டால் பசிக்கவில்லை என்பார். மகள் கல்கரியிலிருந்து ரெலிபோன் எடுத்தால் மட்டும் குரலை உயர்த்திக் கதைப்பார். அப்பா நல்லா இருக்கிறார் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

நான் பயந்தது ஒரு சின்ன விஷயத்தால். மார்கழி மாதம் ஒருநாள் உபகரணப் பெட்டியைத் திறந்து, அந்த மைக்ரோமீற்றரை எடுத்து, மரப்பெட்டியோடு துடைத்து, முன்பு கூட வேலை செய்த ஒரு பெடியனுக்குக் கொடுத்துவிட்டார். அவனுக்கு வேறு ஷொப்பில் வேலை கிடைத்திருந்தது. அந்த மைக்ரோமீற்றரை அவர் கனடா வந்த புதிதில் வாங்கியவர். ஒருவரையும் தொட விடமாட்டார். ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"எனக்கு இனி எதுக்கு?" என்றார்.

வேலை இனிக் கிடைக்காது என்ற அர்த்தத்திலும் அதை எடுக்கலாம். நானும் அப்படித்தான் எடுக்கப் பார்த்தேன். ஆனால் அந்தக் கிழமையே தன் இரண்டு நல்ல ஜாக்கெட்டுகளைத் தோய்த்து மடித்து, கோயிலில் உடுப்புச் சேர்க்கும் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். குளிர்காலத்தில் ஜாக்கெட்டைக் கொடுக்கிற ஆளை நான் அதற்கு முன்னர் கண்டதில்லை.

எங்கள் குடும்ப டொக்டர் பிளாசாவில் இருக்கிறார், தமிழ்ப் பிள்ளை, இங்கே படித்தவர். என் முழங்கால் நோவைக் காட்டப் போன இடத்தில், எழும்பி வரும் நேரம், என் கணவரின் நிலையைச் சொன்னேன். சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. டொக்டர் கொம்பியூட்டரில் தட்டியபடியே ஒவ்வொன்றாகக் கேட்டார். நித்திரை கொள்கிறாரா, சாப்பிடுகிறாரா, வீட்டில் மருந்துகள் கனக்க இருக்கிறதா. பிறகு, துவக்கு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்ற பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்டிருப்பார். நான் இருக்கிறது என்றேன். தட்டின கை நின்றது.

"அன்ரி, அது வீட்டை விட்டுப் போகவேணும். ஒளிச்சுச் செய்யாதேங்கோ, அவரிட்டைச் சொல்லியே செய்யுங்கோ. ஆனா பிந்தாதேங்கோ. நாளைக்கு அவரை இஞ்ச கூட்டிக்கொண்டு வாங்கோ."

பிளாசா வாசலில் காருக்குள் இருந்தேன். முப்பது வருடம் கூட இருந்தவரிடம் இதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்டால், இல்லாத நினைப்பை நானே உண்டாக்கிவிடுவேனோ என்றும் பயம். கேட்பதால் அது வராது என்று டொக்டர் சொல்லித்தான் அனுப்பினார். அப்படியிருந்தும் காரை எடுக்க நேரம் பிடித்தது.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி போட்டு, அவரை மேலே கூப்பிட்டேன். முன்னால் இருந்தேன். கீழே இருக்கிற துவக்கு எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன்.

"அது பூட்டியெல்லோ கிடக்கு," என்றார்.

"திறப்பு உங்களிட்டை எல்லோ இருக்கு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தேத்தண்ணியில் ஆடை படிந்தது. வெளியே பனி வழிக்கும் ட்ரக் தெருவால் ஒருதரம் போய்த் திரும்பவும் வந்தது. ஆத்திரப்படுவார், அல்லது விசர்க்கதை கதையாதையும் என்பார் என்று காத்திருந்தேன். ஆத்திரப்பட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"எப்ப கவனிச்சனீர்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியோடு எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மைக்ரோமீற்றரைக் கொடுத்த அன்றைக்கு என்றேன். அவர் தலையாட்டினார். காற்சட்டைப் பொக்கற்றுக்குள் கைவிட்டு, திறப்புக் கோர்வையை எடுத்து, அதிலிருந்து சின்னத் திறப்பைக் கழற்றப் பார்த்தார். விரல் நடுங்கியது, வளையம் திறக்கவில்லை. இரும்பை மயிரிழைக்குக் கடைந்த கை. கடைசியில் கோர்வையை அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டார்.

அன்றைக்கே ஒஷாவாக்காரருக்கு ரெலிபோன் எடுத்தோம். இவர்தான் கதைத்தார். கனக்கச் சொல்லவில்லை. அவர் என்ன ஏது என்று கேட்காமல், அந்தப் பனிக்குள் ஒரு மணித்தியாலத்தில் வந்து நின்றார். வீட்டில் இருந்த குண்டுகள் எல்லாவற்றையும், கடைசிப் பெட்டிவரை, தன் காரில் ஏற்றினார். அவரிடம் லைசென்ஸ் இருந்தபடியால் குண்டுகளை வாங்கிக்கொள்ளலாம். துவக்கை வாங்கத்தான் சட்டம் விடாது. வாசலில் என் கணவரைக் கட்டிப்பிடித்தார். இவருக்கு அப்படியெல்லாம் பழக்கமில்லை. கையைத் தொங்கவிட்டபடி நின்றார்.

துவக்கை வாங்கிய கடைக்கும் ஒஷாவாக்காரரே எங்கள் சமையலறையிலிருந்து ரெலிபோன் எடுத்துப் பார்த்தார். பழைய ஜேர்மன் சாமான் என்றால் வெளிநாட்டுக்கு அனுப்பி விற்கப் பார்க்கலாம், துருக்கிச் சாமானுக்கு அந்தக் கடதாசி வேலை கட்டாது, சும்மா தந்தாலும் வைக்க இடமில்லை என்று பதில் வந்தது. அதைக் கேட்டு என் கணவர் சிரித்தார். மாதக்கணக்கில் கேளாத சிரிப்பு. கேட்க எனக்கு நல்லாயிருக்கவில்லை.

"ஒரு பழுதும் இல்லாத சாமான்," என்றார். "இன்னும் அம்பது வருசம் ஓடும்."

அவர் எதைப் பற்றிச் சொல்கிறார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அடுத்தநாள் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் இவரை உள்ளே வைத்துக் கனநேரம் கதைத்தார். பின்னேரம் நான் பொலிசுக்கு ரெலிபோன் எடுத்தேன், அவசர இலக்கத்துக்கு அல்ல, மற்றதுக்கு. அங்கே எடுத்தவர், வீட்டில் யாருக்காவது ஆபத்தா என்று கேட்டார். இப்போது இல்லை என்றேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்து எடுப்பதாகச் சொன்னார்கள்.

செவ்வாய் காலையில் அவர் என்னிடம் திறப்பைக் கேட்டார். "அழுக்கோட குடுக்கக்கூடாது," என்றார். "நீரும் வந்து பக்கத்தில இரும்."

நானே பெட்டியைத் திறந்தேன். வீட்டில் ஒரு குண்டும் இல்லை என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் அதை அவர் கையில் எடுத்தபோது கிட்டப் போய் நின்றேன். மேசையில் பேப்பர் விரித்தார். பழைய பல்லுத்தேய்க்கும் தூரிகை, எண்ணெய்ப் போத்தல், கிழிந்த பெனியன் துண்டு. ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து வரிசையாக வைத்தார். ஒருவரும் பார்க்கப்போகாத உட்பக்கத்தையும் துடைத்தார். அந்த முக்கால் மணித்தியாலமும் அவர் கை நடுங்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு அழுகை வந்தது. அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலையைச் செய்து நான் அவரைக் கண்டு ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது.

மத்தியானம் இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். ஒன்று தமிழ்ப் பிள்ளை, முப்பது வயது இருக்காது. தமிழும் இங்கிலிஷும் கலந்து கதைத்தது. துவக்கை வாங்கி, உள்ளே ஒன்றுமில்லை என்று பார்த்து, இலக்கத்தை எழுதியது. இதை என்ன செய்வீர்கள் என்று இவர் கேட்டார்.

"டெஸ்ட்ரோய் பண்ணுவினம், அங்கிள்."

"ஓம். அதுக்கு முதல் ஒருக்காத் திறந்து பாரும். உள்ளுக்கு நல்ல வேலை."

அந்தப் பிள்ளை கொஞ்சம் தயங்கியது. பிறகு மேல்மூடியை இழுத்து, குனிந்து, உள்ளே பார்த்தது. "வெரி கிளீன், அங்கிள்," என்றது. மரியாதைக்குச் சொன்னதாகவும் இருக்கலாம். இவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. பற்றுச்சீட்டைக் கொடுத்துவிட்டுப் போகும்போது என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, அங்கிளை யாரும் பார்க்கிறார்களா என்று மெதுவாகக் கேட்டு, எந்த நேரமும் கதைக்கக்கூடிய ஒரு இலக்கத்தை எழுதித் தந்துவிட்டுப் போனது.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அதன் பிறகு மூன்று கிழமை அவர் என்னோடு தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. சாப்பாட்டை வாங்குவார், கோப்பையைக் கழுவி வைப்பார், கீழே போய்விடுவார். நான் டொக்டரிடம் சொன்னதும், ஒஷாவாக்காரர் அறிந்ததும், பொலிஸ் வாசலில் நின்றதை முன்வீட்டுக்காரர் பார்த்ததும் அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது. ஒருநாள் தானாக மேலே வந்து, கதவைப் பிடித்தபடி சொன்னார்.

"நீர் செய்தது சரி. ஆனா எனக்கு உம்மட முகத்தைப் பாக்க வெக்கமாக் கிடக்கு."

வெட்கப்பட ஒன்றுமில்லை என்றேன். அது அவருக்குப் போதுமான பதில் இல்லை என்று எனக்கும் தெரிந்தது.

இப்போது மருந்து எடுக்கிறார். இரண்டு கிழமைக்கு ஒருதரம் தமிழில் கதைக்கும் ஒரு மனநல ஆற்றுப்படுத்துநரிடம் போகிறார். அங்கே என்ன கதைக்கிறார் என்று எனக்குச் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. பங்குனியிலிருந்து ஸ்ரௌவ்வில் பக்கம் சமையலறை அலுமாரி பொருத்துகிற ஓரிடத்தில் கிழமைக்கு மூன்று நாள் வேலை. சம்பளம் முந்தியதில் பாதி. அங்கே வருகிற இணைப்புகள் எல்லாம் மட்டமான சாமான், ஒன்றும் ஒன்றோடு பொருந்தாது என்று ஒருநாள் குறை சொன்னார். குறை சொன்னதே எனக்கு ஆறுதலாக இருந்தது. சில காலைகளில் எழும்பமாட்டார். அப்படியான நாட்களில் நான் வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு வீட்டில் நிற்பேன்.

கடைக்குப் போனால் கார்ப் பார்க்கில் நின்று வீட்டுக்கு ஒருதரம் ரெலிபோன் எடுக்காமல் என்னால் உள்ளே போக முடிவதில்லை. ஏன் எடுக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். மூன்றாவது நாலாவது மணியில் எடுப்பார். "ஓம், இருக்கிறன்," என்பார். பிறகு, பால் முடிந்துவிட்டது, வரும்போது வாங்கி வாரும் என்பார்.